ரிசீவர் சக்கரத்தில் ஒட்டிய பிளாஸ்திரி

போன வாரம் திருச்சியில் ஒரு கல்லூரி அரங்கில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறும் முன் ஒருவர் வந்து என் சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக்கைக் குத்தினார். அதன் ஒயரைச் சட்டைக்குள் விட்டு, சீட்டுக்கட்டு அளவில் இருந்த டிரான்ஸ்மிட்டரை என் பெல்ட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். ஒன்று இரண்டு சொல்லிப் பார்க்கவில்லை. பேட்டரி புதியதா என்று பார்க்கவில்லை. மேடையில் நான் எந்தப் பக்கம் நடப்பேன் என்று கேட்கவில்லை. எல்லாம் சரியாகவே வேலை செய்தது. செய்தியில் துல்லியம் என்பதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். பேசப் பேச அந்தப் பெட்டி இடுப்பில் இளஞ்சூடாகிக்கொண்டே வந்தது. அந்தச் சூட்டில் உங்கள் நினைவு வந்தது. அங்கேயே உங்களைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் கைதட்டலை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. எழுபதுகளில், நான் நிருபராகச் சேர்ந்த புதிதில், திருச்சியில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நீங்கள் இருப்பீர்கள். பாலக்கரையில் மாதா படம் மாட்டிய சின்ன மைக்செட் கடை உங்களுடையது. இரண்டு ஆம்ப்ளிஃபையர், நான்கு குழாய் ஒலிபெருக்கி, இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு சைக்கிள் வண்டி. பேச்சாளர் ஒயரில் கால் சிக்கித் தடுமாறும்போது மேடைக்கடியிலிருந்து உங்கள் கை மட்டும் நீண்டு ஒயரை இழுத்துக்கொள்ளும். கூட்டம் முடிந்ததும் என் குறிப்பில் விட்டுப்போனதை உங்களிடம் கேட்பேன். மேடையில் பேசியதை வரி பிசகாமல் சொல்வீர்கள். "நாங்க கேக்கத்தானே, ரிப்போர்ட்டர், உக்காந்திருக்கோம். உங்களை மாதிரி நடுவுல காப்பிக்கு எழுந்து போறதில்ல" என்று ஒரு குத்தும் கூடவே வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்த உங்கள் மச்சான் ஊருக்கு வரும்போது ஒரு கார்ட்லெஸ் மைக் கொண்டுவந்தார். டிரான்ஸ்மிட்டர் ஒரு சோப்புப் பெட்டி அளவு. அதன் அடியில் வால் மாதிரி ஒரு ஒயர் தொங்கும். ரிசீவர் ஒரு சின்ன ரேடியோ மாதிரி, பக்கவாட்டில் அலைவரிசைச் சக்கரத்தோடு இருக்கும். அந்த வாலைச் சுருட்டிப் பையில் போட்டால் குரல் தூரம் போகாது, நேராகத் தொங்க வேண்டும் என்பதை நீங்களே பட்டுத் தெரிந்துகொண்டீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபையரைக் குறைத்த பிறகுதான் டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்ஸிலிருந்து மழை கொட்டுவது போல் இரைச்சல் வரும் என்பதையும் அப்படித்தான். ஒரு நாள் நீங்கள் கடையில் ஒரு சீப்பின் பல்லை உடைத்துப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னங்க, சீப்பை எதுக்கு உடைக்கிறீங்க?"

"உள்ளே ஒரு ஸ்குரு இருக்கு. அதைத் திருப்பினாத்தான் அலைவரிசை மாறும். இரும்புத் திருப்புளி பட்டா அது எங்கயாச்சும் ஓடிப்போயிடும். பிளாஸ்டிக்தான் லாயக்கு. இது எம்பொண்டாட்டி சீப்பு. கேட்டா நீங்கதான் உடைச்சீங்கன்னு சொல்லிடுவேன்."

"நான் வரவே இல்லைன்னு சொல்லிடுவேன்."

"சொல்லுவீங்க. பத்திரிகைக்காரர் பேச்சைத்தானே நம்புவாங்க."

இருவரும் சிரித்தோம்.

ஸ்ரீரங்கத்து சபா உங்களைத் தேடி வந்தது அந்த மைக்குக்காகத்தான். பத்து நாள் உபன்யாசம். சொல்பவர் எழுபது வயதுப் பெரியவர். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துகொண்டே பேசுபவர். முந்தைய ஆண்டு ஒயர் தடுக்கி விழப் போயிருக்கிறார். சபாவின் செயலாளர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். "கம்பியே இல்லாம எப்படி ஓய் பேசும்? பாதியில நின்னுடப்படாது" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். உங்களுக்கு அது வெறும் பத்து நாள் வேலையாக இருக்கவில்லை. இது நன்றாக நடந்தால் சபாவின் வருடாந்திர நிகழ்ச்சிகள் எல்லாம் உங்களுக்கு. அதைப் பார்த்து, கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளின் கல்யாணங்களும் வரும். "பாலக்கரை கிறிஸ்தவன் வந்து ஸ்ரீரங்கத்துல பேர் எடுக்கறதுன்னா சும்மாவா? ஒரு தடவை எடுத்துட்டா அப்புறம் யாரும் அசைக்க முடியாது" என்று காவிரிப் பாலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னீர்கள்.

முதல் இரண்டு நாளும் குறையே இல்லை. மூன்றாம் நாள் மதியம், நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றீர்கள். தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தில் அன்றுதான் எவர்சில்வர் பாத்திர விற்பனை ஒன்று தொடங்கியிருந்தது. விற்பவர் கையில் ஒயர் இல்லாத மைக். என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனீர்கள்.

"அண்ணே, இது எத்தனையில ஓடுது?"

"தொண்ணூத்தெட்டு. ஏங்க?"

"நானும் அங்கதான் இருக்கேன். நீங்க மாத்த வேணாம். நான் நூறுக்குப் போயிடறேன்."

திரும்பி வந்து, புதுப் பேட்டரி போட்டு, பத்து நிமிடம் சூடாகவிட்டு, சீப்புப் பல்லால் அந்த ஸ்குருவைக் கடுகளவு கடுகளவாகத் திருப்பினீர்கள். ரிசீவரின் சக்கரத்தை அதற்கு நேராக நிறுத்தினீர்கள். பிறகு, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் இரண்டு விரல் அகலம் வெட்டி, சக்கரத்தையும் பெட்டியையும் சேர்த்து ஒட்டினீர்கள். சக்கரம் நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று, பிளாஸ்திரியின்மேலேயே சக்கரத்திலிருந்து பெட்டிவரை பென்சிலால் ஒரு கோடும் போட்டீர்கள். டிரான்ஸ்மிட்டரை என் இடுப்பில் கட்டி மண்டபம் முழுக்க நடக்கவிட்டீர்கள். தூண்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்தில். நான் ஒண்ணு, ரெண்டு, மூணு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "பத்திரிகைக்காரருக்கு மூணுக்கு மேல எண்ண வராதா?" என்று தூரத்திலிருந்து கத்தினீர்கள். குரல் அடங்கிய இடங்களில் சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டீர்கள்.

இத்தனையையும் நான் கூடவே இருந்து பார்த்தேன். இதைத் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும்.

கூட்டம் நிறைந்தது. பெரியவர் சட்டை போடாதவர் என்பதால் மைக்கைக் குத்த இடமில்லை. அதற்காக நீங்களே தைத்துவந்த வெள்ளை நாடாவை அவர் கழுத்துத் துளசி மாலையோடு சேர்த்துக் கட்ட மேடைக்குப் போனீர்கள். போகும்போது, "ரிசீவரைத் தொடாதீங்க. உங்க டேப் ரிகார்டர் ஒயரை நான் வந்து சொருகித் தரேன்" என்றீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தொடக்கச் சுலோகத்திலிருந்தே பதிவாக வேண்டும் என்று அவசரம். பையில் இருந்ததோ ஒரே ஒரு பழைய பாட்டு கேசட். அந்த மாதிரி கேசட்டின் முதுகில் ஒரு சின்னக் குழி இருக்கும். அதை எதையாவது ஒட்டி மூடினால்தான் அதன்மேல் மறுபடி பதிவு செய்ய முடியும். சுற்றிலும் பார்த்தேன். ஒட்டுவதற்குத் தோதாக என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான்.

உங்கள் பிளாஸ்திரியை உரித்தேன். கேசட்டின் குழியில் ஒட்டினேன். ரிசீவரின் பின்பக்கத்தில் ஒயர் சொருகும் துளையைத் தேடி அதைத் தூக்கித் திருப்பினேன். என் விரல் சக்கரத்தில் பட்டதா, திருப்பியபோது அதுவே நகர்ந்ததா, தெரியாது. இரண்டில் எதுவானாலும் செய்தது என் கைதான். நீங்கள் திரும்பி வந்து, டேப் சுற்றுவதைப் பார்த்து, "அதுக்குள்ள சொருகிட்டீங்களா? அவசரக்காரரு" என்றபடி உட்கார்ந்து பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒட்டியாகிவிட்டது என்ற நிம்மதியில் இருந்தவருக்குச் சக்கரத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

சக்கரம் கொஞ்சமே நகர்ந்திருந்ததால், பெரியவர் ரிசீவருக்குப் பக்கத்தில் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. பெரியவர் நிலையாமையைப் பற்றிப் பேசிக்கொண்டு மேடையின் இடது கோடிக்கு நடந்தார். அங்கே நின்றார். "இந்த சரீரம் இருக்கே, எத்தனை ஆசையா வளர்க்கறோம். இது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் மண்டபத்தைப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

இரண்டு பாக்ஸிலிருந்தும் பதில் வந்தது.

"மூணே நாள்தாம்மா! மூணே நாள்தான்! விட்டா கிடைக்காது! தட்டிப் பாருங்க, தட்டிப் பாத்து எடுங்க!"

நீங்கள் ஆம்ப்ளிஃபையரை ஒரே திருப்பில் இறக்கினீர்கள். உங்கள் இடதுகை சக்கரத்துக்குப் போனது. அங்கே கட்டைவிரல் இரண்டு மூன்று முறை எதையோ தடவித் தேடியது. பிறகு சக்கரத்தை நகர்த்தி, ஆம்ப்ளிஃபையரை ஏற்றினீர்கள். அதற்குள் பெரியவர் வெறும் குரலிலேயே, "சரியாத்தானே சொல்றான்! நான் பத்து நாளா சொல்லப்போறதை அவன் ஒரே மூச்சுல சொல்லிட்டான்!" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அவர் குரல் மறுபடி பாக்ஸில் வந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்கூட இருக்காது.

அது அங்கேயே முடிந்திருக்க வேண்டும். உபன்யாசம் முடிந்ததும் செயலாளர் நம்மிடம் வந்தார்.

"என்ன ஓய் இது? பகவத் விஷயம் நடந்துண்டிருக்கறச்சே பாத்திரக்கடையா? கம்பியே தேவலைன்னு அப்பவே சொன்னேனோன்னோ?"

"என் தப்புதாங்க. நாளைக்கு இப்படி ஆகாதுங்க" என்றீர்கள்.

நான் உங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றேன். டேப் ரிகார்டர் என் அக்குளில் இருந்தது.

அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். பெரியவரின் கேள்வி, பாக்ஸின் பதில், அவருடைய மறுமொழி. பெட்டிச் செய்திக்கு அதைவிட என்ன வேண்டும்? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'ஒலிபெருக்கி அமைப்பாளர் ரிசீவரைச் சரியாகப் பொருத்தாததே இதற்குக் காரணம் என்று கூறப்படுகிறது.' உங்கள் கடையின் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் கேசட்டை வெளியே எடுத்தபோதுதான் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தேன். அப்போதுதான் நடந்தது என்ன என்று புரிந்தது. ஆனால் பேப்பர் அதற்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது.

இந்தக் கடைசி மூன்று வாக்கியங்களைத்தான் இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அவை பொய். உங்கள் கட்டைவிரல் சக்கரத்தின்மேல் தேடிய அந்தக் கணமே எனக்குத் தெரியும். அது என்ன தேடுகிறது என்பதும், தேடும் பொருள் எங்கே இருக்கிறது என்பதும் அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த வரியை எழுதினேன். 'கூறப்படுகிறது' என்று எழுதினால் கூறியது யார் என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. சங்கடமான இடங்களில் எங்களுக்கு அது ஒரு குடை. அன்று அதன் அடியில் நான் மட்டும் நின்றுகொண்டு உங்களை நனையவிட்டேன்.

செய்தி பெரிய வெற்றி. ஆபீசில் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிப்பவர்கள் 'மூணே நாள்தான்' என்று சொல்லிச் சிரித்தார்கள். நான்காம் நாள் ஸ்ரீரங்கத்தில் நீங்கள் ஒயர் மைக் போட்டிருந்தீர்கள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். நடக்க முடியாமல் அவர் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. பத்து நாள் முடிந்ததும் சபா வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. கான்வென்ட் வெள்ளி விழாவுக்குக் கார்ட்லெஸ் கேட்டிருந்த சிஸ்டரும், "பேப்பர்லயே வந்துடுச்சே" என்று தயங்கி, ஒயரே போதும் என்றாராம். ஆறு மாதத்தில் அந்த மைக்கைத் துறையூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

தவறான செய்திக்கு மறுநாள் நான்கு வரி போடுவது எங்கள் வழக்கம். ஒரு தலைவரின் இனிஷியலை மாற்றி அச்சிட்டதற்காக நானே ஆசிரியரிடம் போய் நின்று திருத்தம் கேட்டிருக்கிறேன். உங்களுக்காகப் போகவில்லை. போயிருந்தால் பிளாஸ்திரியைச் சொல்ல வேண்டும். அந்தக் கேசட்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களைப் பதிவு செய்தேன். உங்கள் பிளாஸ்திரி நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு நாளும் அவிழவில்லை.

நீங்கள் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த கோடையில் மெயின்கார்டு கேட் பக்கம் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் நீங்களே கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"ரிப்போர்ட்டர், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு மத்தியானம் நீங்க என்கூடத்தானே இருந்தீங்க. நான் பிளாஸ்திரி ஒட்டினேனா?"

நான் உங்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒட்டினதா ஞாபகம். வெட்டினது ஞாபகம் இருக்கு. கோடு போட்டதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா கையை வெச்சுப் பாக்கறப்ப அது இல்ல. முந்தின நாள் ஒட்டினதை அன்னிக்கு ஒட்டினதா நினைச்சுட்டேனோ என்னமோ. தினமும் செய்யற வேலைங்க. அதுலயே ஞாபகம் தப்புதுன்னா பயமா இருக்கு."

பக்கத்துப் பெட்டிக்கடை ரேடியோவில் விலை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. பதில் சொல்ல எனக்குத் தேவையான நேரத்தைவிட அதிக நேரம் இருந்தது.

"விடுங்க. யாருக்குத்தான் நடக்கல? மனுஷன்னா ஒரு தடவை கை தவறத்தான் செய்யும்" என்றேன்.

உங்கள் முகம் தெளிந்தது. "நீங்க ஒருத்தர்தான் இப்படிச் சொல்றீங்க. உங்களுக்குப் பெரிய மனசு" என்றீர்கள். உண்மையாகவே சொன்னீர்கள். நான் செய்த தவறுக்கு உங்களை மன்னித்தேன். அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டேன். செய்தி எழுதியது ஒரு நாள் குற்றம். அதைவிட இதுதான் என்னை அதிகம் தின்கிறது.

அதற்குப் பின் உங்கள் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. மற்றவர்கள் கவனித்தார்களோ என்னமோ, நான் கவனித்தேன். திருவானைக்காவலில் ஒரு பள்ளி ஆண்டு விழா. எல்லாம் ஒயர் மைக்தான், ஓடிப்போக அலைவரிசை ஏதும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு பிளக்கையும் சொருகிவிட்டுப் பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம், "சார், சொருகியிருக்கா பாருங்க" என்று கேட்டீர்கள். அவர் பார்த்துச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொருவரிடம் அதையே கேட்டீர்கள். முன்பெல்லாம் கூட்டம் தொடங்கியதும் மண்டபத்தைச் சுற்றி வந்து கேட்பவர், அன்று மூன்று மணி நேரமும் ஆம்ப்ளிஃபையரின் மேல் ஒரு கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மறுகையால் வாங்கிக் குடித்தீர்கள். என்ன பேசினார்கள் என்று கூட்டம் முடிந்ததும் கேட்டேன். "கவனிக்கலீங்க. செட்டையே பாத்துட்டிருந்தேன்" என்றீர்கள். வரி பிசகாமல் சொன்ன மனிதர் நீங்கள்.

பிறகு எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. நீங்கள் காலமான செய்தி அங்கே எனக்கு எட்டியபோது மாதம் ஒன்றாகியிருந்தது. உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி டீ கொடுத்தார். "அவரு உங்களைப் பத்திச் சொல்லாத நாளே இல்லீங்க" என்றார். அவரிடமும் நான் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. இன்றும் யாராவது ஒருவர் தலை குனிந்து 'என் தப்புதாங்க' என்று சொல்வதைக் கேட்டால், என் கண் அவரைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் பேசாமல் நிற்பவரைத் தேடுகிறது. உங்களிடமிருந்து நான் பெற்றுக்கொண்டது இது. தொழிலில் சில பேரை அது காப்பாற்றியும் இருக்கிறது. உங்களைக் காப்பாற்றவில்லை.

டீக்கடையில் நீங்கள் கேட்டதற்குப் பதில் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் ஒட்டினீர்கள். மதியம் மூன்றரை மணி இருக்கும். சக்கரத்தையும் பெட்டியையும் சேர்த்து, ஓரங்களை நகத்தால் அழுத்தி ஒட்டினீர்கள். கோடு நேராக இருந்தது. உங்கள் ஞாபகத்தில் ஒரு பிழையும் இல்லை.